மூக்கா, பாதையா

நாஹா நகரிலிருந்து கிழக்குத் தீவுகளுக்குப் பறக்கும் அந்தச் சின்ன விமானத்தில், கிளம்புமுன் ஒரு சண்டை நடந்தே தீரும். கேப்டன் ஓகியாமா சிஸுருவுக்கும் துணை விமானி அசானுமாவுக்கும் ஆறு வருஷமாக நடக்கும் சண்டை அது. திரையில் தெரியும் வரைபடத்தின் உச்சியில் எது இருக்க வேண்டும்? விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையா, விமானம் உண்மையில் போகும் பாதையா?

காற்றில்லாத நாளில் இரண்டும் ஒன்றுதான். பக்கக் காற்று அடித்தால் கதையே வேறு. காற்று தள்ளுவதை ஈடுகட்ட மூக்கை அது வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நண்டு மாதிரி பறக்க வேண்டும். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், உடம்பு இன்னொரு பக்கம் போகும்.

"போற இடம் நேரா மேல தெரியணும். வளைச்சு வளைச்சுத் தேடவா படம்?" என்பாள் சிஸுரு.

"ஜன்னல்ல தெரியுறது படத்துலயும் அதே பக்கம் தெரியணும். இல்லன்னா கழட்டிச் சுவத்துல மாட்டிக்கோ," என்பான் அசானுமா.

இருவரும் பயிற்சிப் பள்ளியில் ஒரே வகுப்பு. மரியாதையெல்லாம் பயணிகள் காதுக்கு மட்டும். நிறுவன விதிப்படி இரண்டு திரைகளும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். பேசித் தீராத விஷயம் என்று புரிந்துபோனதால் கல், காகிதம், கத்தரி போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள்.

அந்த ஜனவரி மதியம் சிஸுருவின் கல் ஜெயித்தது. "பாதை மேல," என்று பொத்தானை அழுத்தினாள்.

"உத்தரவு, கேப்டன். கையை விரிக்கவே தெரியாதா உனக்கு? நான் கத்தரி போடுற அன்னிக்கெல்லாம் கல்லு."

சிரிப்பு அதோடு நின்றது. ஓகினோசே தீவில் விடியற்காலையில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மீட்பு ஹெலிகாப்டர் வேறு தீவுக்குப் போயிருந்தது. அலை ஓயாததால் கப்பல் எட்டு நாளாக வரவில்லை. ரத்தப் பைகள் வைத்த வெள்ளைப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நர்ஸ் நகாசோனே முதல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தடவை இறங்கிப் பாக்கலாம்?" என்று கேட்டாள்.

"ஒரு தடவைதாங்க, நகாசோனே. அதுக்கப்புறம் நாஹா திரும்புறதுக்குத்தான் எண்ணெய் இருக்கும்," என்றாள் சிஸுரு.

நர்ஸ் தலையாட்டிவிட்டுப் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தீவை நெருங்கும்போது வடக்குக் காற்று இடப்பக்கம் மோதியது. கிழக்கே நீளும் ஓடுபாதையை நோக்கி அவர்கள் மேகத்துக்குள் இறங்கினார்கள். இந்த நாட்டில் எதையும் சும்மா பார்த்துவிட்டு விடக் கூடாது. விரலை நீட்டிச் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரயில் ஓட்டுகிறவரும் அப்படித்தான், விமானம் ஓட்டுகிறவரும் அப்படித்தான்.

"சக்கரம், சரி!" அசானுமாவின் விரல் நீண்டது.

"சக்கரம், சரி!" சிஸுருவின் விரலும் நீண்டது.

அறுநூறு அடியில் மேகம் கிழிந்தது. ஐந்நூறுக்குள் கேப்டன் ஓடுபாதையைக் கண்ணால் கண்டாக வேண்டும். இல்லாவிட்டால் மேலேறிவிட வேண்டும். சிஸுரு திரையைச் சுட்டினாள். ஓடுபாதை நேர் உச்சியில் இருந்தது. அதே விரல் அப்படியே நிமிர்ந்து கண்ணாடிக்கு நேரே போனது, கண்ணும் விரலைத் தொடர்ந்து போனது. அங்கே சாம்பல் நிறக் கடல்தான் இருந்தது.

பக்கக் காற்றில் படத்தின் உச்சியும் கண்ணாடிக்கு நேரும் ஒன்றல்ல என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? புதுப் பையன்களுக்கு வகுப்பெடுத்தவள் அவள்தான். ஆனால் அமைதியான நாட்களில் ஆயிரம் தடவை படத்திலிருந்து கண்ணாடிக்கு நேராக நீண்டு பழகிய விரல், அவளைக் கேட்காமலே நீண்டுவிட்டது.

"காணோம்," என்றாள். ஐந்நூற்று நாற்பது. மேலேறுவதற்காக இடக்கையால் பிடியை இறுக்கினாள்.

அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு விரலைப் பார்த்தாள். அது நேராக நீளவில்லை. வலப்பக்கம் சாய்ந்து, அசானுமாவின் கண்ணாடித் துடைப்பானையும் தாண்டி எங்கோ காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"ஓடுபாதை, வலப்பக்கம் இருபது பாகை," என்றான். குரலில் பதற்றம் இல்லை.

விரல் போன வழியே அவள் கண் போனது. கரும்புத் தோட்டம் தெரிந்தது. அதற்கு நடுவே ஈரமாக மின்னிக்கொண்டு ஓடுபாதை கிடந்தது.

"ஓடுபாதை, சரி!" அவள் விரலும் அதே பக்கம் நீண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் கை. சக்கரம் தரையைத் தொட ஒரு மூச்சு இருக்கும்போது காலால் மிதித்து மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கி, காற்று வரும் பக்கச் சிறகைத் தாழ்த்தி, பூப்போல வைத்தாள். அந்தக் காற்றில் அப்படி இறக்கப் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள்.

"தொட்டதே தெரியலடி," என்றான் அசானுமா. கேப்டன் என்று சொல்லக்கூட மறந்துவிட்டான்.

தீவு மருத்துவமனையின் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. நகாசோனே பெட்டியோடு குனிந்து ஓடினாள்.

"உன் திரையிலயும் பாதைதானே மேல இருந்துச்சு? எப்படிடா பாத்த?" என்று கேட்டாள் சிஸுரு.

"ஓரத்துல மூக்கைக் காட்டுற முக்கோணம் இருக்குல்ல, அது இடப்பக்கம் இருபது தள்ளி நின்னுச்சு. மூக்கு இடப்பக்கம் பாத்தா ஓடுபாதை வலப்பக்கம்தானே இருக்கணும்? ஆறு வருஷமா உன் கல்லுகிட்டத் தோத்துட்டே இருக்கேன். தோக்குறவன் கணக்குப் போடக் கத்துக்கணும்ல?"

அவன் குத்திக்காட்டவில்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருக்க மாட்டாள். பையிலிருந்து கருப்பு வெல்லக் கட்டி ஒன்றை எடுத்து, பாதி உடைத்து அவளிடம் கொடுத்தான். இப்படி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குத் தான் என்ன புண்ணியம் செய்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

எண்ணெய் நிரப்பிக்கொண்டு, காற்று தணியக் காத்திருந்தார்கள். இருட்டுமுன் வேன் திரும்பி வந்தது. நகாசோனே இறங்கி, மழையில் நின்றபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பெரிய வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். எல்லாம் சரி என்று அர்த்தம். தாய் பிழைத்துவிட்டாள்.

அசானுமா உள்ளிருந்தே வட்டம் காட்டப் போய்க் கூரையில் முட்டிக்கொண்டான். பிறகு முஷ்டியை நீட்டினான். "வா, போடலாம். கல், காகிதம்..."

சிஸுரு முஷ்டியை நீட்டவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள். சுட்டுவிரலை நேராக அவன் நெஞ்சுக்கு நீட்டி, ஓடுபாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"துணை விமானி, சரி!"