காதுகுத்தன்று தாய்மாமனுக்கு வந்த தலைவலி

என் தங்கை ரோஷினியின் மகள் நிஷாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வாலாஜாபேட்டையில் காதுகுத்து. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம்தான் என் நண்பன் கோபி ஆம்பூரில் பார்ட்டி வைத்தான். நடுவில் ஒரு ராத்திரி முழுசாக இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன்.

நான் கார்முகிலன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தோலில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஓரமாக எடுத்துப் போட்டுவிடுவேன். என் புத்தியில் விழுந்த ஓட்டை மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

குடிக்கிற விஷயத்தில் என்னை ஒரு நிபுணன் என்றே நம்பியிருந்தேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துச் சேர்த்த அறிவு. வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. அதனால் நெய் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் இரண்டு ரவுண்டுக்குக் குடித்தேன். "பாருடா கோபி, இதுக்குப் பேருதான் சயின்ஸு" என்று பாடமும் நடத்தினேன். அதற்கப்புறம் பிராந்தி ஞாபகம் இருந்தது, தண்ணீர் மறந்துபோனது. கடைசியில் கோபிதான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற என் வீட்டுக்கு டாக்ஸி பிடித்து என்னை ஏற்றிவிட்டானாம். எனக்கு அது தெரியாது.

காலையில் கண் விழித்தபோது மின்விசிறி சுற்றுகிறதா, நான் சுற்றுகிறேனா என்று புரியவில்லை. நாக்கு பதம் போடாத தோல் மாதிரி வறண்டு கிடந்தது. கோபிக்குப் போன் போட்டேன்.

"முள்ள முள்ளாலதான் எடுக்கணும்டா தோஸ்த். ஒரே ஒரு பெக்கு போடு, சரியா பூடும்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பட்டுப்புடவையில் நின்றிருந்த என் மனைவி ஸ்வேதா கவனித்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டுவேட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே நான்.

ராணிப்பேட்டைப் பக்கம் வந்ததும் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காருக்குள் நுழைந்தது. பிறந்ததிலிருந்து நான் மூச்சில் இழுத்த வாடை அது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போது சிரித்தவன் நான். அன்றைக்கு நானே மூக்கைப் பொத்தினேன்.

"வண்டிய நிறுத்து ஸ்வேதா!"

ஓரமாக நிறுத்தினாள். நெடுஞ்சாலையில் போன பஸ்களெல்லாம் பட்டுவேட்டி கட்டிய ஒருவன் குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே போயின. வாந்தி எடுத்து முடிந்ததும் ஸ்வேதா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மாமன் சீரு கொண்டாரச் சொன்னாங்க. நீங்க நாத்தத்தக் கொண்டுக்கினு போறீங்க" என்றாள்.

பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. வேலூரில் நர்ஸாக வேலை செய்கிற ரோஷினி என் கண்ணைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாசலில் புகுந்த வீட்டு உறவெல்லாம் நின்றிருந்தது. "வாண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

மொட்டை போன வாரமே கோயிலில் அடித்தாகிவிட்டது. காதுகுத்து மட்டும்தான் பாக்கி. மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்தேன். நிஷாவைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். சந்தன மொட்டையோடு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது குழந்தை. எதிரே வேலாயுதம் பத்தர் தங்கக் கம்பியோடு உட்கார்ந்தார்.

"மாமா, தலைய கெட்டியா புடிச்சுக்கோங்க. ஆடக் கூடாது."

பிடித்தேன். குழந்தை ஆடவில்லை. என் கைதான் ஆடியது. இறுக்கிப் பிடித்தேன், இன்னும் அதிகமாக ஆடியது. பத்தர் கம்பியைக் கிட்டே கொண்டுவந்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மாமனுக்குப் பயம்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. நல்ல சாக்கு. நானும் சிரித்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் கம்பியின் முனையைப் பார்த்தேன். பக்கத்திலேயே குழந்தையின் கண்.

பத்தர் காதோரம் குனிந்து, "பயமெல்லாம் இல்ல பத்தரே. ராத்திரி குடிச்சேன். கை நிக்கல" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மேளக்காரர்கள் சரியாக அந்த நேரம் பார்த்து நிறுத்தித் தொலைத்தார்கள். பந்தல் முழுக்கக் கேட்டது.

ரோஷினி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "நல்ல நேரம் இன்னும் இருக்குது. எல்லாரும் காபி சாப்புடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என்னை உள்ளறைக்கு இழுத்துப் போனாள்.

"இன்னாண்ணா இது? இன்னிக்குன்னு பாத்தா?"

"ஒரு தலைவலி மாத்திர குடும்மா."

"அதெல்லாம் தர முடியாது. ராத்திரி குடிச்சதுக்கே உன் லிவரு பேஜாராயிட்டு இருக்கும். அது மேல மாத்திரை வேறயா?" ஓ.ஆர்.எஸ். பொடியைத் தண்ணீரில் கலக்கி நீட்டினாள். "தண்ணி போட்டா ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் பூடும். மெதுவா குடி. இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் கெடையாது. நேரம் போவணும், அவ்ளோதான்."

"ஒரு பெக்கு போட்டா சரியாயிடும்னு கோபி சொன்னான்..."

"போட்டா இந்தத் தலைவலி சாயந்திரம் வரும். உன் கோபியவே வந்து மணையில உக்காரச் சொல்லு."

அவள் போனதும் அவளுடைய மாமியார் தனபாக்கியம் உள்ளே வந்தார். சம்பந்தி வீட்டு அம்மா. எழுந்து நிற்கப் பார்த்தேன். தலை சுற்றி மறுபடி உட்கார்ந்தேன். அவர் கையில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இருந்தது.

"ஒரேயடியா குடிக்காத தம்பி. ஒரு வாய் குடி, கொஞ்சம் நில்லு, அப்பால அடுத்த வாய்." ஜன்னலைச் சாத்தி வெளிச்சத்தை மறைத்தார். மேளக்காரர்களை வாசலுக்கு அனுப்பினார். நான் கேட்பதற்கு முன்பே நெற்றிக்கு ஈரத்துணி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணை போட்டார்கள். கை முழுசாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்தது. தலையை ஸ்வேதா பிடித்துக்கொண்டாள். பத்தர் ஒரு காதைக் குத்தினார். நிஷா போட்ட அலறல் என் மண்டையை இரண்டாகப் பிளந்தது. அடுத்த காதைக் குத்தி முடிப்பதற்குள் என் கண்ணிலும் தண்ணீர். மாமனுக்குப் பாசம் ஜாஸ்தி என்று சிலர் பேசிக்கொண்டார்கள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

பந்தியில் ஆம்பூர் மாஸ்டர் போட்ட மட்டன் பிரியாணி. நான் பிறந்த ஊர் பிரியாணி, என் தங்கை வீட்டு விசேஷம். வாசனை வந்ததுமே வயிறு வேண்டாம் என்றது. மாமன் இலையில் ரசம் சோறு விழுந்தது. ரோஷினி எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தவள், என் இலையை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

தனபாக்கியம் அம்மா ரச வாளியோடு வந்து நின்றார். "கஞ்சி நல்லா வேலை செஞ்சிச்சுங்க. எப்டி இவ்ளோ கரெக்டா தெரியுது?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரருக்குப் பண்ணிப் பண்ணித்தான். எத்தினி வருசம்!" குனிந்து ரசம் ஊற்றினார். "ஆனா அவரு சாவுற வரைக்கும் 'வெயிலு ஒத்துக்கல'ன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. ஒரு நாளாவது உன்ன மாதிரி வாயத் தொறந்து சொன்னது கெடையாது."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.