சிவராசா வளவில் கழுவிய தொட்டி

சாவுத் தீட்டான துடக்கைக் கழிக்கக் கிணறு இறைத்த அன்று வளவில் நின்றவர்கள் மூவர்: செத்துப்போன சிவராசாவின் மனைவி சிவபாக்கியம், சிவராசாவின் தமையன் இராசேந்திரம், முருங்கனிலிருந்து இறைப்பு மெசின் கொண்டுவந்த அந்தோனிமுத்து. சிவராசாவின் மகள் நிவேதிகா அங்கு இல்லை. மறுநாள் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குச் சாமான் வாங்க மன்னாருக்குப் போயிருந்தாள்.

சிவராசா இந்தியாவில் முகாமிலிருந்து திரும்பிவந்து, இடிந்து கிடந்த நெல் ஆலையை நிமிர்த்தியவர். அவிக்க முன்னர் நெல் ஊறவைத்த தண்ணீரைக் குளத்துக்கு விடக்கூடாது, விட்டால் ஆலையை மூடவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டார். பொறியியல் படித்த நிவேதிகா, காற்றுப் புகாத தொட்டியொன்றைக் கட்டுவித்தாள். அதன் அடியில் நின்ற கறுத்த சேறு முழுவதும் கிருமிகள். அவை ஊறல் தண்ணீரின் அழுக்கைத் தின்று வாயுவாக்கிவிடும். மாட்டுச் சாணியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊறல் தண்ணீர் கொடுத்து, மாதக்கணக்கில் அவற்றை வளர்த்திருந்தாள். மாசி அறுவடைக்கு வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. நெல்லைக் கொண்டு வாருங்கள் என்று மகளின் கணக்கை நம்பிச் சிவராசா ஊருக்கே சொல்லியிருந்தார். பரிசோதகர் வந்து பார்ப்பது மட்டும்தான் மிச்சம்.

மத்தியானம் அவள் மன்னாரிலிருந்து வந்து வாசல் படலையைத் திறந்தபோது வளவில் நாற்றம் இல்லை.

"தங்கச்சி, இனி ஊராக்கள் மூக்கைப் பொத்தாமல் வந்து சாப்பிடலாம்," என்றான் அந்தோனிமுத்து.

தொட்டியின் மூடி ஒரு பக்கம் கிடந்தது. உள்ளே சீமெந்து வெள்ளையாக, ஈரமாக இருந்தது. குளோரின் மணத்தது.

"எல்லாத்தையும் இறைச்சாச்சோ, பெரியப்பா?"

"ஓம் பிள்ளை. செத்த வீட்டுத் தண்ணி ஒண்டும் வளவிலை நிக்கக்கூடாது. கொப்பருக்கு, என்ர தம்பிக்கு, ஒரு குறை வைச்சதெண்டு நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கப்படாது."

அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் செத்த அன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. கையிலிருந்த வெற்றிலைச் சரை கனத்தது, அவ்வளவுதான்.

"திரும்பவும் வளராதோ, பிள்ளை?" என்று தாய் கேட்டாள்.

"வளரும், அம்மா."

"ரெண்டு கூடை சாணியைக் கொட்டினால் போச்சு. என்னத்துக்கு இந்த முகம்?" என்றான் அந்தோனிமுத்து.

"கொட்டலாம் அண்ணை. தொட்டிக்கு வேண்டிய கிருமியிலை பத்திலை ஒரு பங்குதான் அதாலை வரும். மிச்சம் தானாய்ப் பெருகவேணும். காத்திலை வாழுற கிருமி நூறு கிலோ அழுக்குத் திண்டால் நாப்பது கிலோ தன்ர உடம்பாக்கும். காத்தில்லாமல் வாழுற இதுகள் எட்டுக் கிலோதான். அதுக்குள்ளையும் ஒரு பங்கு செத்துப்போகும்."

"பாவங்கள்," என்றான் அவன்.

அவள் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒன்றரைக்குக் கிட்ட ஏறும். பத்து மடங்காக ஆனி பிறந்துவிடும். மாசிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மறுபடியும் கணக்கிட்டாள். அதே ஆனிதான் வந்தது. வெற்றிலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அந்தியேட்டிக்கு அரிசி புடைக்கப் போனாள்.

அடுத்த கிழமை பரிசோதகர் வந்தார். இராசேந்திரம் கரை வேட்டியோடு கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"தொட்டி ஆயத்தமில்லை, ஐயா," என்றாள் நிவேதிகா.

"போன மாதம் கணக்கு எல்லாம் சரியெண்டு சொன்னீங்களே, பிள்ளை?"

"சொன்னனான்."

"அப்ப என்ன பிழைச்சது?"

இராசேந்திரத்தின் கை கதிரைச் சட்டத்தில் அசையாமல் கிடந்தது. அவர் குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதிகா அவரைப் பார்க்கவில்லை.

"ஆயத்தமில்லை, ஐயா."

பரிசோதகர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். மாசியில் வெளியூர் லொறிகள் வந்து ஊர் நெல்லை அவிக்காமலே ஏற்றிக்கொண்டு போயின. லொறிகள் படலையைத் தாண்டியபோது அவள் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சிவராசாவின் மகளுக்குக் கணக்குப் பிழைத்ததால்தான் அந்தப் போகம் ஆலை ஓடவில்லை என்று முருங்கன் கடைகளில் இன்றும் ஒரு கதை உண்டு. அது பொய். செத்த வீட்டில் செய்ய வேண்டியது முறைப்படி செய்யப்பட்டது. அதோடு தொட்டியும் கழுவப்பட்டது. கணக்கில் பிழை இல்லை.