மதிலைத் தாண்டும் தீர்த்தம்

கல்லறைத் திருநாளன்று சாமியார் தெளித்த தீர்த்தம் மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. மேலத்தெருக் கல்லறைகளின் மேல் தூவிய தண்ணீர் அந்தரத்தில் சற்று நின்று, திரும்பி, மதிலுக்கு அப்பால் கீழத்தெருக்காரர்களின் மண்மேடுகளில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எரியோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அன்று நல்ல வெயில். பளிங்குக் கல்லறைகள் காய்ந்தே கிடந்தன.

அந்த மதில் மேலத்தெரு மிக்கேல்ராஜ் ஊர்ப்பெரியவராக இருந்தபோது கட்டியது. ஒரே கோயில், ஒரே நற்கருணை, செத்தால் மட்டும் வேறு வேறு மண். வெட்கமில்லாமல் அதன் உச்சியில் ஒரு சிலுவையும் நட்டார்கள். வருஷாவருஷம் சாமியார் மேலத்தெருப் பக்கம் கல்லறை கல்லறையாக நின்று மந்திரிப்பார். அது முடிவதற்குள் அவருக்கு நேரமாகிவிடும். மதிலோரம் நின்று அந்தப் பக்கமாகக் கையால் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வண்டியேறிவிடுவார். கீழத்தெரு சகாயசெல்வி, புருஷன் செபஸ்தியானைப் புதைத்த இடத்தில் மெழுகுவத்தி கரையக் கரையக் காத்திருப்பாள். பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாவுக்கு ஒரு துளி தீர்த்தம், அவள் கேட்டது அவ்வளவுதான். இத்தனைக்கும் மேலத்தெருக் கல்லறைகளில் குவிகிற செவ்வந்தி முழுக்க அவள் தோட்டத்துப் பூ. பூ மதிலைத் தாண்டலாம், சாமியார் தாண்டக் கூடாது. இதற்குப் பெயர் பக்தியாம்.

தீர்த்தம் இடம் மாறியதும் மேலத்தெருவுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைத்தால் அது நம் தப்பு. முதல் வருஷம் தெளிக்கும் கோலில் கோளாறு என்று புதிதாக வாங்கினார்கள். அடுத்த வருஷம் வேளாங்கண்ணியிலிருந்து கேனில் தீர்த்தம் வந்தது, அதுவும் மதிலைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு மதிலை இரண்டடி உயர்த்தினார்கள். தண்ணீர் இரண்டடி உயரமாகப் போனது. செபஸ்தியானின் மேட்டில் அறுகம்புல் தழைத்தது, சகாயசெல்வி முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

மிக்கேல்ராஜுக்குப் படுக்கையில் சாவு பயம் வந்தது. பாவசங்கீர்த்தனம் செய்து, அவஸ்தைப்பூசுதல் வாங்கி, மகன் ஸ்டீபன்ராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்: "என்னைய தண்ணி விழுற பக்கம் பொதைங்கப்பு." மறுநாள் போய்ச் சேர்ந்தார். ஸ்டீபன்ராஜ் கீழத்தெருவுக்கு நடந்து போனான். அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவளை அன்றைக்கு அக்கா என்றான்.

"வரட்டும்" என்றாள் சகாயசெல்வி. "செத்தவுகளுக்கு மண்ணு இல்லைன்னு சொல்ல நாங்க என்ன மேலத்தெருவா? ஆனா செவுத்த இடிச்சு, அந்த வழியாத்தான் தூக்கிட்டு வரணும். ரோட்டச் சுத்திக் கொண்டாரக் கூடாது."

"மொத அடக்கம் பண்ணிருவோம்க்கா. பொணம் தாங்காது. அப்புறமா இடிச்சிருவோம்."

ரோட்டைச் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். பளிங்கு பதித்தார்கள். ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மதிலும் குறைவில்லாமல் நின்றது.

அடுத்த கல்லறைத் திருநாளில் தீர்த்தம் வழக்கம்போல் மதிலைத் தாண்டி வந்தது. எல்லா மேடுகளிலும் விழுந்தது. மிக்கேல்ராஜின் பளிங்கை மட்டும் சுற்றிக்கொண்டு போனது, ஒரு பொட்டுக்கூட விழவில்லை. ஸ்டீபன்ராஜ் சகாயசெல்வியைப் பார்த்தான்.

"என்னைய ஏன் பாக்குற? ஒங்கப்பா அங்க கெடந்து வேகுறாரு. இந்தா" என்று, செபஸ்தியானின் சிலுவையில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையைக் காட்டினாள்.

அவன் கடப்பாரையைப் பார்த்தான், மதிலுக்கு மேலே வரிசையாக எட்டிப் பார்த்த மேலத்தெருத் தலைகளைப் பார்த்தான், அப்பனுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போய்விட்டான். மறு வருஷமும் அப்படியே. சாமியார்கள் மாறினார்கள். புதிதாக வருகிறவரிடம், பூசைக்கு உதவுகிற கோயில்பிள்ளை, தண்ணீர் அந்தப் பக்கம் போகும் சாமி, பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஊருக்குப் பழகிவிட்டது. சகாயசெல்வி ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் செவ்வந்தி, மெழுகுவத்தியோடு கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். துருப்பிடித்துவிடாமல் இருக்க, முந்தின நாளே அதற்கு எண்ணெய் தடவி வைத்துவிடுகிறாள்.