ஒற்றைக் காதுக்கு இரண்டு ஸ்பீக்கர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. தங்கை வீட்டிலிருந்து சுட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னதை, சொல்லி முடிப்பதற்குள் ஒரு மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்? எழுதிக்கிட்டிருக்கியா?"

"சேச்சே, தலை துவட்டிக்கிட்டிருக்கேன்."

என் தலையில் துவட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் போனால் போகிறதென்று விட்டுவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான்: அவள் கணவர் குறைந்த செலவில் வீட்டில் ஒரு ஸ்டீரியோ செட் போட்டார். இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், நடுவே ஒரு நாற்காலி. இதிலென்ன கதை என்று கேட்பீர்கள். என் தங்கைக்கு இடது காது கேட்காது. அதுதான் கதை.

2

முதல் முயற்சி: "இசை என்பது மனித குலத்தின் ஆதி—"

வேண்டாம். 'ஆதி' என்று ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டாம் முயற்சி: "பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடையின் மூலையில், தூசிக்கு அடியில், அந்த ஆம்ப்ளிஃபையர் அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு மட்டும்—"

ஆம்ப்ளிஃபையர் யாருக்காகவும் காத்திருக்காது. தவிர, கரண்ட் கொடுக்காத பெட்டியில் விளக்கு எப்படி எரியும்? மாப்பிள்ளை படித்தால் முதலில் இதைத்தான் கேட்பார். (அவர் என் கதைகளில் முதல் பக்கம் மட்டும் படிப்பார். படித்துவிட்டு, "நல்லாப் போகுது மச்சான்" என்று சொல்லிப் புத்தகத்தை டிவி மேல் வைத்துவிடுவார். இது பின்னால் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாம் முயற்சி: லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தன் மனைவி மறுபடியும் பாட்டு முணுமுணுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அப்பாடா. இதை வைத்துக்கொள்வோம்.

3

பதினோரு கட்டடங்களின் லிஃப்ட்கள் அந்த மெக்கானிக்கின் பொறுப்பு. ஏறி நின்றதும் வருகிற சத்தத்தை வைத்தே எங்கே எண்ணெய் விட வேண்டும், எங்கே திருகை முடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவள் (என் தங்கைதான், கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்') ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மெஷின் தாள் தள்ளுகிற சத்தத்தைத் தாளமாக வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு செட் எடுக்க வந்தவர்கள், பாட்டு முடியட்டும் என்று "இன்னொரு செட் போடுங்க" என்பார்கள். [இது நான் சேர்த்தது. ஆனால் ஒருவராவது அப்படிக் கேட்டிருப்பார்.]

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் போகும்போது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் எழுந்து கடையைத் திறந்தாள். எல்லாம் பழையபடி ஆனது, பாட்டைத் தவிர.

"என் குரலே பக்கத்து வீட்ல யாரோ பாடற மாதிரி கேக்குதுங்க. எதுக்கு வீணா?" என்றாள் கணவரிடம்.

ஒற்றைக் காதில் ஒரு சங்கடம் உண்டு. சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அவர் படுக்கையறையிலிருந்து கூப்பிட்டால் அவள் வாசலுக்கு ஓடுவாள். நாலைந்து தடவை இப்படி ஓடவிட்ட பிறகு அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. முதலில் இடம், பிறகுதான் விஷயம்.

"பால்கனி! என் கண்ணாடியப் பாத்தியா?"

"சமையலறை! உங்க நெத்தியிலதான் இருக்கு, போகும்போது பாத்தேன்."

நான் போனால் நானும் அப்படித்தான்: "வாசல்! அண்ணன் வந்திருக்கேன்." மாப்பிள்ளைக்கு இது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒரு நாள் வேலையிடத்தில், கையெட்டும் தூரத்தில் நின்ற சக மெக்கானிக்கிடமே, "மோட்டார் ரூம்! அந்த ஸ்பேனரக் குடுங்க" என்று கத்தியிருக்கிறார். அந்த மனிதர் ஸ்பேனரையும் கொடுத்து, சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகும்படி புத்தியும் சொல்லியிருக்கிறார்.

4

ஆறு மாதம் காதும் காதும் வைத்தாற்போல ஸ்டீரியோவுக்குச் சாமான் சேர்த்தார். (இந்த வீட்டுக் கதையில் இந்தத் தொடரைப் போடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். தங்கை சிரிப்பாள் என்று தோன்றியது, விட்டுவைத்தேன்.) ஒளித்துவைக்க, அவர் பார்க்கிற கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் ரூம் இருந்தது.

மாதச் சம்பளத்தில் பாதி. அதற்குமேல் ஒரு காசு போகக்கூடாது என்பது அவர் போட்டுக்கொண்டிருந்த கோடு. ஆம்ப்ளிஃபையர், காலி செய்துகொண்டிருந்த ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையிலிருந்து வந்தது. ஸ்பீக்கர்களைப் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பிடித்தார். கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு தொட்டாலே பொடிந்து கொட்டியது. கடைக்காரர் அதைக் கையால் மறைத்துக்கொண்டே விலை சொன்னார். இவர் விளிம்பைப் பார்க்கவே இல்லை. பெட்டியை விரல்முட்டியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், இன்னொரு தடவை தட்டினார். மரம் நல்ல மரம். புது விளிம்பு வாங்கி, பசை தடவி, நான்கு மதியச் சாப்பாட்டு வேளைகளில் ஒட்டி முடித்தார். ஒயர், லிஃப்ட் வேலையில் மிச்சம் விழுந்த செம்புக் கம்பி. ஸ்பீக்கர் அதிராமல் இருக்க அடியில் வைத்தது, மோட்டாருக்குக் கீழே வைக்கிற ரப்பர் துண்டுகள். சிடி பிளேயர் சும்மாவே கிடைத்தது. அதன் தட்டு தானாக உள்ளே போகாது. விரலால் தள்ளிவிட வேண்டும்.

ஒரே ஒரு குறை. ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். எர்த் கம்பியை மாற்றினார், பிளக்கை மாற்றினார். குறைந்ததே தவிர, போகவில்லை.

5

இந்த இடத்தில் எனக்குக் கதாநாயகன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒற்றைக் காது மனைவிக்கு யாராவது ஸ்டீரியோ வாங்குவார்களா? தன் ஆசைக்கு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டாரோ? பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"மாப்பிள்ளை, உண்மையச் சொல்லுங்க. இது அவளுக்கா, உங்களுக்கா?"

பின்னால் ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

"எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஸ்டீரியோ மேல ஒரு கண்ணு மச்சான். இல்லேன்னு சொல்லல. ஆனா அவ முணுமுணுக்காம வீடு வீடாவே இல்ல. பாட்ட நல்லபடியாக் கேட்டா, அவளுக்குத் தானா வந்துடும்னு நெனச்சேன்."

"அவளுக்கு ஒரு காதுதானே கேக்கும்?"

"அதான் நல்ல ஸ்பீக்கராப் பாத்து வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. சந்தேகப்பட்டு எழுதிய ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

6

ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடைக்குத் தாள் கட்டு வாங்கப் போயிருந்தாள். மெக்கானிக் அறை நடுவில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். டேப் வைத்து அளந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கும் அவ்வளவே தூரம். நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டார். லிஃப்ட் வேலையில் ஒரு நூல் பிசகினாலும் கதவு இடிக்கும். அந்தக் கை இது.

அவள் வந்தாள், பார்த்தாள், தாள் கட்டைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் எப்போ?" என்றாள்.

"உக்காரு, சொல்றேன்."

உட்கார்ந்தாள். அவர் தட்டை விரலால் தள்ளினார். அவள் கடையில் எப்போதும் முணுமுணுக்கிற பாட்டு. இடது ஸ்பீக்கரில் வயலின், வலதில் புல்லாங்குழல், இரண்டுக்கும் நட்டநடுவே பாடுகிற குரல். மோட்டார் ரூமில் தனியாகக் கேட்டபோது அவருக்கு உடம்பே சிலிர்த்திருந்தது. இப்போது அவள் கண்ணை மூடியிருந்தாள். ஆறு மாதமாக மனசுக்குள் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"சொல்லு பாக்கலாம், வயலின் எங்கேருந்து வருது?"

அவள் வலப்பக்கம் கை காட்டினாள்.

"புல்லாங்குழல்?"

வலப்பக்கம்.

"பாடறவங்க?"

அவள் கண்ணைத் திறந்து, தன் கை காட்டிய திசையைப் பார்த்தாள். அங்கே ஃப்ரிட்ஜ் இருந்தது.

"எல்லாருமே ஃப்ரிட்ஜுக்குள்ளேருந்துதாங்க வர்றாங்க."

ஒன்றரை வருடமாகப் பால்கனி, சமையலறை என்று கூவிக்கொண்டிருந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பக்கத்திலிருந்து எது வருகிறது என்பதுதான் ஸ்டீரியோவின் அழகே. அந்த ஒன்றைத்தான் அவள் தொலைத்திருந்தாள். சாக்பீஸ் வட்டத்துக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

7

முடிவு (அ): ஒரு ஸ்பீக்கரை விற்றுவிட்டார். எழுதி, தங்கைக்குப் படித்துக் காட்டினேன். எழுதுகிறேன் என்ற குட்டு அங்கேதான் வெளிப்பட்டது. திட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "விக்க விட்டுடுவேனா நான்? மனுஷன் சாப்பாட்டு நேரத்துல ஒட்டினது."

முடிவு (ஆ): வயலினைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது அவளுடைய இடது காதில் மெல்ல—

"அண்ணே, என் காத வச்சு ஊர ஏமாத்தாத."

சரி.

முடிவு (இ), நடந்தது: அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு வரவில்லை. வாய்மட்டும் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

"இடது ஸ்பீக்கர்! வயலின்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"வலது ஸ்பீக்கர்! புல்லாங்குழல். நடுவுல! பாடறவங்க."

அவள் எழுந்தாள். சாக்பீஸ் வட்டமெல்லாம் அழிய நாற்காலியை இழுத்து, வலது காது ஸ்பீக்கர்களைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "ம், மேல சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். முழுப் பாட்டுக்கும் சொன்னார். இரண்டாம் பாட்டில் சூடு பிடித்துவிட்டது. "இடது ஸ்பீக்கர்! வயலின் மேல ஏறுது. ரெண்டாவது மாடி. மூணாவது மாடி. வலது ஸ்பீக்கர்! புல்லாங்குழல் உள்ள வருது, வழி விடுங்க." அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்த நீர்தான் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மூன்றாம் பாட்டில் 'ம்ம்ம்' என்று ஒன்று கேட்டது. அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நீயா?"

"உங்க மெஷின்தான். இரையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள்தான் என்று அவர் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். ஆம்ப்ளிஃபையர் என்கிறாள் அவள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் எர்த் கம்பியைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறார்; பிறகு உட்கார்ந்து பாட்டுக்கு இடம் சொல்கிறார். முடிவு தெரியாமல் கதையை இங்கே நிறுத்தியிருந்தேன்.

8

இன்று காலை ஒரு சின்னத் தகவலுக்காகத் தங்கையைக் கூப்பிட்டேன்.

"அந்த ஸ்பீக்கர் பெட்டி எவ்வளவு உயரம்? கதையில போடணும்."

"இருண்ணே, அளந்து சொல்றேன். விடிஞ்சதுலேருந்து கரண்ட் இல்ல, ஜன்னலத் திறந்துக்கறேன்."

போனை எங்கோ வைத்தாள். ஜன்னல் திறந்தது. இழுப்பறை திறந்தது. டேப் சரசரவென்று நீண்டது. அதன்பிறகு 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை. மேலே ஏறியது, ஒரு வளைவு வளைந்து கீழே இறங்கியது, நடுவில் மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றேன். எனக்கும் கண்ணில் நீர். என்னுடையது சிரித்த நீர் இல்லை.

"பதினாலு அங்குலம்ணே."

"நீ இப்ப—"

"அது ஆம்ப்ளிஃபையர்."

நான் இன்னும் கேட்கவே இல்லை. "கரண்ட் இல்லேன்னு நீதானே..." என்று இழுத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவருக்குத் தெரிஞ்சா, வேலை முடிஞ்சுதுன்னு இடம் சொல்றத நிறுத்திடுவாருண்ணே. எனக்கு அது வேணும். இன்னும் கொஞ்ச நாள் தேடட்டுமே. நீ எழுதக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஆகவே கரண்ட் இல்லை என்பதையும், பெட்டி பதினாலு அங்குலம் என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன். இரண்டும் வெறும் தகவல்கள். மாப்பிள்ளை முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார், அதனால் பயமில்லை. கதையின் கடைசி வரிக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

இன்று காலை, என் தங்கை . . . . . . . . . . . . . . . . . .

நான் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நீங்கள் செய்யவில்லை.