பேரளி தாண்டி இரண்டு கிலோமீட்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "ஒரு பயணத்தில் தோன்றியது" என்று சொல்லலாம் என யோசித்து வைத்திருந்தேன். பொய். பொறாமையிலிருந்து வந்தது. ஒரு நீல நிறக் காரின் மீதும், அதை ஓட்டுகிற என் நண்பன் ரஞ்சித்குமாரின் வலது காலின் மீதும் எனக்கு இருக்கிற பொறாமை.

நாங்கள் பெரம்பலூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இரண்டு பேரின் அப்பாக்களும் ஒரே ஆளுடைய பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போனவர்கள். இப்போது ரஞ்சித்துக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர் வேலை. அதே அரியலூரில் லாரிகளுக்கு ஆயிலும் ஃபில்டரும் விற்கிற கடையில் நான் நிற்கிறேன். முன்பெல்லாம் பஸ்ஸில் போவேன். முப்பது கிலோமீட்டருக்கு மொழிபெயர்ப்பு நாவலில் பதினைந்து பக்கம் ஓடும். அவன் கார் வாங்கியதிலிருந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போகிறான். காரில் படிக்க முடியாது. அவன் பேசிக்கொண்டே வருவான்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"நகரத்தின் கூரைகள் மீது வெண்மையாக ஏதோ பெய்துகொண்டிருந்தது. அவன் தன் மேலங்கியின் காலரை உயர்த்திக்கொண்டு, ஆளற்ற ரயில் நிலையத்தை நோக்கி—"

நிறுத்திவிட்டேன். பெரம்பலூரில் ரயில் நிலையமே கிடையாது. அரியலூரில் உண்டு, ஆனால் மேலங்கி போட்ட ஆள் கிடையாது. அங்கே வெண்மையாகப் பெய்வது சுண்ணாம்புக்கல் தூசி. அடித்த வரியிலிருந்து அந்த வெள்ளையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

2

இரண்டாம் தொடக்கம் காரிலிருந்து.

ரஞ்சித் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினான். சின்ன டர்போ எஞ்சின், நூற்றிருபது குதிரைத்திறன். கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போய் எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதச் செய்து, நூற்றைம்பதாக்கிக்கொண்டு வந்தான். அப்படிச் செய்கிறவர்கள் அதை ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்வார்கள். இவன் தினம் அறுபது கிலோமீட்டர் வேலைக்கு ஓட்டினான்.

"ரெண்டும் வேணும் மாப்ள" என்றான். "எச்பியும் வேணும், மைலேஜும் வேணும்."

"ஒண்ணு குடுத்தாத்தான் ஒண்ணு வரும்."

"அது காலு தெரியாதவன் சொல்றது."

அவனுக்குக் கால் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் டயர் சூடாவதற்கு முன்பே காற்று பார்ப்பான். எஞ்சின் இரண்டாயிரம் சுற்றைத் தொடும் முன்பே அடுத்த கியருக்குப் போய்விடுவான். எண்பதுக்கு மேல் போகமாட்டான். தூரத்தில் டிப்பர் லாரியின் பிரேக் விளக்கு எரிந்தாலே காலை எடுத்துவிடுவான்; வண்டி தானே உருண்டு போய் அதன் பின்னால் சேரும்போது டிப்பர் மறுபடி கிளம்பியிருக்கும். ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தால் திட்டமாட்டான். "மைலேஜுக்கு நல்லது" என்பான். ஒரே பங்க், ஒரே பம்பு, குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது கணக்குப் பார்ப்பான். லிட்டருக்குப் பதினேழு புள்ளி இரண்டு.

பேரளியில் டீ குடிக்க நிறுத்துவோம். பேரளி தாண்டியதும் நேராக ஒரு நீட்டம் வரும். அங்கே முன்னும் பின்னும் பார்ப்பான். யாரும் இல்லையென்றால் கியரைக் கீழே இறக்கி, காலை முழுக்க அழுத்துவான்.

எனக்கு அதை எழுதத் தெரியவில்லை. மூன்று முறை எழுதினேன். "சீட் என் முதுகைப் பிடித்து" என்று ஒரு முறை. "காடு இரண்டு பக்கமும் பின்னால்" என்று ஒரு முறை. மூன்றாவதை இங்கே வைக்க வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கிலோமீட்டர். பிறகு காலை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எண்பதுக்கு வருவான்.

"இருவத்தெட்டு கிலோமீட்டர் பெட்ரோலுக்கு ஓட்டுறேன்" என்பான். "இந்த ரெண்டு எனக்கு."

3

அவனுக்கு இரண்டும் கிடைத்தது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எழுதினால் மறுநாள் கடையில் தூங்கி வழிகிறேன். கடையில் ஒழுங்காக நின்றால் எழுத வருவதில்லை. பதினோரு பக்கத்தில் நின்றுபோன நாவல் ஒன்று ஃபில்டர் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா குஞ்சம்மாள் ஒரு நாள் காபி ஆற்றிக்கொண்டே, "நீயுந்தான் எந்நேரமும் படிக்கிற. அவன் படிச்சது காரா வந்து வூட்டு வாசல்ல நிக்குது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு காரைப் பார்த்து இவ்வளவு எரிச்சல் என்றால் வாசகர்கள் நம்புவார்களா என்று சந்தேகம் வந்தது. அதனால் வளர்மதி என்று ஒருத்தியை உண்டாக்கினேன். அரியலூரில் வங்கி வேலை. பேரளியில் ஏறினாள், முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின் சீட்டுக்குப் போனேன். நன்றாகத்தான் போனது. மூன்றாவது பத்தியில் அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னய எங்கங்க பாக்குறீங்க, மீட்டரத்தான பாக்குறீங்க" என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். இந்தக் கதையில் பெண் காரணம் இல்லை.

4

இனி எழுத வேண்டியதை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

ஜனவரி கடைசியில் ஒரு மதியம் ரஞ்சித் கூரியரில் வந்த பெட்டியோடு என் கடைக்கு வந்தான். உள்ளே ஒரு ஏர் ஃபில்டர். சிவப்பாக, கூம்பு போல. வண்டியோடு வந்த மூடிய டப்பாவையும் காகித ஃபில்டரையும் கழற்றிவிட்டு, இதைத் திறந்தபடி மாட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சு வாங்கும்; இன்னும் கொஞ்சம் சக்தி வரும். கவுண்டரில் வைத்தான்.

"நீ ஆறு வருஷமா ஃபில்டரோட நிக்கிற. உனக்குத் தெரியாததா. நம்மூரு தூசிக்கு இது ஒத்து வருமா?"

ஒத்து வராது. அது எனக்குத் தெரியும். தூசியில்லாத ஊருக்குச் செய்தது. அரியலூர் டிப்பர் ஓட்டுகிறவர்கள் காகித ஃபில்டரையே நாலு நாளைக்கு ஒரு முறை கழற்றிக் காற்றடிக்கிறார்கள். சுண்ணாம்புத் தூசி முகத்துக்குப் போடுகிற பவுடர் போல அவ்வளவு மெல்லியது. இந்தக் கூம்பின் துணிக்குள் புகுந்து போய், எஞ்சினுக்குள் உப்புத்தாள் போல வேலை செய்யும். அந்தக் கடையில் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் அவன்.

"வரும்" என்றேன்.*

"இதுக்குத்தான் உன்னக் கேட்டேன். நெட்டுல கேட்டா நூறு பேரு நூறு சொல்லுவான்."

[* "வரும்" என்பதற்கு முன்னால் மூன்று விநாடி இருந்தது. முதல் வரைவில் "யோசித்துவிட்டுச் சொன்னேன்" என்று எழுதியிருந்தேன். யோசிக்கவில்லை. வெளியே அவன் கார் நின்றது. வாடிக்கையாளர் வந்தால்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காத எங்கள் முதலாளி, எழுந்து போய் அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று விநாடியும் நான் முதலாளியைத்தான் பார்த்தேன்.]

5

கொளஞ்சியப்பன் டிப்பர் மெக்கானிக். எங்கள் கடையில்தான் ஃபில்டர் வாங்குவார். ஏப்ரலில் ஒரு நாள், எங்கேயோ ரஞ்சித் காரின் பானட் திறந்திருந்தபோது பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"ஏம்ப்பா கலை, ஒங் கூட்டாளி வண்டில செவப்பா கூம்பு மாதிரி என்னமோ மாட்டியிருக்கான், என்னது அது?"

"ஏர் ஃபில்டருண்ணே."

"ஃபில்டரா? கொசுவல கணக்கா இருக்கு. கொசு நிக்கும், மாவு நிக்குமா? இங்க ஆறு மாசம் ஓட்டுனான்னா உள்ள இழைச்சு வெச்சிரும். நீ சொல்லலியா?"

"சொல்லணும்ணே."

"நான் வேணா சொல்லட்டா? சாயங்காலம் இந்த வழியாத்தான போறான். இப்பவே கழட்டிட்டா தப்பிச்சுக்கும்."

"வேணாம்ணே, நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா ஒரு மாதிரி எடுத்துக்குவான்."

அவர் ஃபில்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரஞ்சித் ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறவன் அல்ல. யார் சொன்னாலும் கேட்பான், சொன்னவருக்கு டீயும் வாங்கித் தருவான். இந்தக் கதையில் அவனுக்கு நானாக ஒட்டவைத்த குணம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவனுடையது.

6

[இந்தப் பகுதியில் நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல், மே, ஜூன்.]

7

அதற்குப் பதிலாக எழுதினேன்:

"மூன்றாவது கியரில் இழுத்தபோது முதலில் வந்தது சத்தம் அல்ல, வாடை. எரிந்த ஆயிலின் வாடை. கண்ணாடியில் நீலப் புகை விரிந்தது. பின்னால் வந்த டிப்பர் அதற்குள் காணாமல் போனது. கார் தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் உருண்டு சோளக்காட்டு ஓரம் நின்றது. அவன் சாவியைத் திருப்பினான். உள்ளே ஏதோ, தொண்டையில் சோறு சிக்கியது போல, ஒரு முறை விக்கி அடங்கியது. அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை."

ஒரே மூச்சில் எழுதியது. ஒரு சொல்லும் அடிக்கவில்லை. கார் ஓடியபோது மூன்று முறை எழுதியும் வராதது, நின்றபோது தானாக வந்தது. நான் இதுவரை எழுதியதில் நல்ல பத்தி இதுதான்.

இது இன்னும் நடக்கவில்லை.

8

நடந்தது வேறு. மைலேஜ் இறங்கியது. பதினாறரை, பதினைந்தே முக்கால், பிறகு பதினாலு புள்ளி ஆறு. ரஞ்சித் பங்க்கை மாற்றினான். ஏசியை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு போனோம். ஆயில் அளவு குறைகிறது என்று இரண்டு முறை சொன்னான்; நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கூம்பை அவன் சந்தேகப்படவே இல்லை. அது நான் சரியென்று சொன்ன பொருள்.

போன வாரம் பேரளியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்:

"கண்டுபுடிச்சிட்டேன் மாப்ள. வண்டியில ஒண்ணுமில்ல. எங்காலுதான்."

"காலா?"

"அந்த ரெண்டு கிலோமீட்டரு. அதான் தின்னுது. பேராச பட்டுட்டேன். இனிமே வேணாம்."

காரில் ஏறினோம். நேர் நீட்டம் வந்தது. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. எண்பதிலேயே போனான். நான் மனதுக்குள் தூரத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். அவன் கால் அசையவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இப்போது அவனிடம் இரண்டும் இல்லை. ஆறு மாதமாக நான் விரும்பியது இதுதான். ஆனால் அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை. பிடித்ததை இவ்வளவு லேசாக விட எப்படி முடிகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"நீ என்ன எழுதிட்டிருக்க இப்ப?" என்று கேட்டான். அவன் இதையெல்லாம் கேட்பதே இல்லை.

"ஒரு கத. காரப் பத்தி."

"எங்காரா?"

"ஒரு காரு."

"கடசில என்ன ஆவுது?"

"இன்னும் எழுதல."

"நல்லா முடிச்சு வுடுறா. பாவம், வண்டி."

9

அவன் கேட்டதற்காக இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. நான் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூம்பைக் கழற்றிவிட்டுப் பழைய டப்பாவை மாட்டிவிடுகிறேன். இது நடக்காது. சாவி போட்ட அரை நிமிடத்தில், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவான்.

இரண்டு. நான் சொல்கிறேன். அவன் ரோட்டோரம் நிறுத்தி, பானட்டைத் திறந்து, கூம்பை உருவி, குழாய்க்குள் விரலை விட்டுத் தடவுகிறான். விரல் நுனியில் வெள்ளை மாவு. அவன் விரலைப் பார்க்கிறான். பிறகு என்னைப் பார்க்கிறான்.

"தெரிஞ்சேவா?" என்கிறான்.

இதற்கு மேல் எட்டு முறை எழுதி எட்டு முறையும் அடித்துவிட்டேன். இத்தனை நாவல் படித்திருக்கிறேன், இந்த ஒரு கேள்விக்கு ஒரு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே முடிவு உங்களுடையது. உபசாரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ரஞ்சித் கதை படிப்பதில்லை. இது அச்சில் வந்தாலும் அவன் கண்ணில் படாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது ஜூலை, கொளஞ்சியப்பன் அண்ணன் சொன்ன ஆறு மாதம் முடியப்போகிறது. காலை எட்டேகாலுக்குப் பேரளியில் டீக்கடை எதிரே நீல நிறக் கார் நிற்கும். வெளியே நின்று டீ குடிக்கிறவன்தான் அவன். "தம்பி, அந்தச் செவப்புக் கூம்பக் கழட்டிட்டு பழைய டப்பாவையே மாட்டிடுங்க, தூசி உள்ள போவுது" என்றால் போதும். யார் சொல்லித் தெரியும் என்று கேட்டால், டிப்பர் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லுங்கள். அது உண்மைதான். நான் காருக்குள் இருப்பேன். என் பக்கம் பார்க்காதீர்கள்.

அவன் உங்களை நம்புவான். கையைப் பிடித்துக்கொள்வான். டீ சொல்வான், எந்த ஊர் என்று கேட்பான், நம்பர் வாங்கிக்கொள்வான். அரியலூர் போய்ச் சேரும் வரை உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வருவான். "யாருன்னே தெரியாத மனுசன், மாப்ள. நம்ம வண்டிக்காக நின்னு சொல்லிட்டுப் போறாரு பாரேன்." பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டு—

இல்லை. நாளைக்கு வராதீர்கள். நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு விடுங்கள். நாளை மறுநாள் வாருங்கள். அப்போதும் கூம்பு இருந்தால், நீங்கள் சொல்லுங்கள்.