இரண்டு பேர் சேர்ந்து கேட்டால்

சபைப் பிள்ளைகளின் கோடை முகாமில் காலைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது நாரேயின் அப்பா போன் செய்தார். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா போய்விட்டாளாம்.

"நானே வந்து சொல்லிக்கிறேன் டீச்சர். மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் விளையாடட்டும்."

முகாமுக்கு வந்த அன்றே பிள்ளைகளின் போனையெல்லாம் வாங்கிப் பையில் கட்டி வைப்பது எங்கள் சபை வழக்கம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. இளம் பாஸ்டர் கியூஜினிடமும் நான் சொல்லவில்லை. யோனா மீன் வயிற்றுக்குள் போன கதைக்கே மூக்கை உறிஞ்சுகிற ஆள். சொன்னால் மைக்கிலேயே அழுதுவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் பிள்ளைகளுக்கு டீச்சர், மற்ற நாளெல்லாம் சந்தையில் மீன் விற்பவள். எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வாயைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போனேன்.

தண்ணீரில் தர்ப்பூசணியை மிதக்கவிட்டுப் பிடிக்கிற விளையாட்டு. நாரேதான் ஜெயித்தாள். பத்து வயதுப் பெண், முன்பல்லில் தர்ப்பூசணி விதை ஒட்டியிருந்தது.

"டீச்சர், உங்க கால் ரெண்டும் முள்ளங்கி மாதிரி இருக்கு."

"இந்த முள்ளங்கியால ஒரு உதை விட்டேன்னா சியோல்ல போய் விழுவே, பாத்துக்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்கட்டும் என்றும் இருந்தது, ஐயோ சிரிக்காதே என்றும் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வேதபாடம். எந்தப் பாடம் என்று பாருங்கள்! இரண்டு பேர் ஒரே மனதாக எதைக் கேட்டாலும் பரலோகத்திலிருந்து கிடைக்கும் என்று கியூஜின் விளக்கிவிட்டு, "ஜோடி சேந்துக்கங்க," என்றான். போயும் போயும் இன்றைக்கா, பாவி மனுஷா.

நாரே தோழிகளையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான். வேற எதையாவது கேட்டு இதைக் கெடுத்துடாதீங்க டீச்சர்."

"சே சே. நான் ஏன்டி கேக்கப்போறேன்?"

எல்லாரும் மூன்று முறை "கர்த்தாவே" என்று கத்தினோம். எங்கள் ஜெபம் அப்படித்தான். ஒரே நேரத்தில் ஆளாளுக்கு உரக்கக் கேட்போம், பக்கத்திலிருப்பவர் கேட்பது நம் காதில் விழாது. கண்ணை இறுக மூடிக் கழுத்து நரம்பு புடைக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லாதவளை வரச் சொல்லி நான் எப்படிக் கேட்பேன்? "இவ அப்பாவோட காரை வழியில நிறுத்திவை ஆண்டவரே. இன்னும் கொஞ்ச நேரம் இவ இப்படியே இருக்கட்டும்." இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் தொண்டை கிழிய "ஆமென்" என்றேன்.

"எல்லாரையும் விட நீங்கதான் சத்தம்," என்று நாரே என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

மத்தியானம் போனது. கார் வரவில்லை. விடுமுறைக் கூட்டத்தில் நெடுஞ்சாலை முழுக்க அடைத்துக் கிடக்கிறது, ஒரு வண்டியும் நகரவில்லை என்று நாரேயின் அப்பா போனில் அழுதார். அவள் பந்து விளையாடினாள், பாட்டுப் போட்டியில் தோற்றதற்குச் சண்டை போட்டாள். எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் மரத்தடியில் அவித்த சோளம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. அவள் அப்பா இறங்கினார். அந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டு, மேல் கையில் சுற்றிய இரண்டு கோடு போட்ட துக்கப் பட்டை. அந்தப் பட்டை என்னவென்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நாரே அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டையைத்தான் பார்த்தாள். சோளம் கையிலேயே இருந்தது.

அவர் முட்டி போட்டுக் கையை நீட்டினார். அவள் அவரிடம் போகவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்க வேற ஏதாவது கேட்டீங்களா?"

நான் கேட்டது கிடைத்திருந்தது.