உருமி காயும் நேரம்

1

ஒரு செய்தியில் நான் விட்டுவிட்ட பாதியிலிருந்து வந்தது இந்தக் கதை. 1984 ஏப்ரலில், திருப்பரங்குன்றம் சாலையில் கிராமியக் கலைஞர் சங்கம் ஒன்று மின்விசிறியே இல்லாத அலுவலகம் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதப் போனேன். நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர், சன்னல்தோறும் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. 'வெயிலை வென்ற அலுவலகம்' என்று பாராட்டி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

2

தொடக்கம்: 'சித்திரை வெயில் மதுரையை'

வேண்டாம். வெயிலை எல்லோரும் எழுதியாயிற்று.

வேறு தொடக்கம்: நான் போன அன்று, டில்லி விழாவுக்கு ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து மூவர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். உருமிக்காரர் காசிமாயனுக்கு இப்படியொரு வாய்ப்பு வந்தது அதுவே முதல் தடவை. முந்தின நாளே மேளத்தை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

(சங்கச் செயலாளர் இன்பசேகரனை முதலில் வீம்புக்காரராக எழுதினேன். அடித்துவிட்டேன். மேளம் வெக்கையில் கெட்டுவிடக் கூடாதென்று உள்ளே வைக்கச் சொன்னவரே அவர்தான்.)

3

பதினொன்றே முக்காலுக்குக் காசிமாயன் குச்சியைத் தோலில் இழுத்தார். உறுமல் வரவில்லை. ஈரச்சாக்கைத் தட்டியதுபோல ஒரு சத்தம்.

"என்ன சார், இதயும் குளிப்பாட்டுனீகளா?" என்றார் இன்பசேகரனிடம்.

"ரூம் குளுமையாத்தானே இருக்குண்ணே?"

"நமக்குக் குளுமை. தோலு இம்புட்டு ஈரத்தயும் குடிச்சுத் தொங்கிப்போச்சு. வெளிய கொண்டுபோறேன், கொஞ்சம் காயட்டும்."

"காஞ்சதும் உள்ள கொண்டாந்துருங்க."

"கொண்டாந்தா மறுபடி தொங்கிரும் சார். அங்கனயே வாசிக்கிறேன்."

"வந்தவங்கள வெயில்ல நிக்கச் சொல்ல முடியுமாண்ணே?"

"நான் முப்பது வருசமா அங்கனதான நிக்கிறேன்."

4

முதல் முடிவு: மூவரும் வெளியே வருகிறார்கள், காசிமாயன் டில்லி போகிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது: இன்பசேகரன் தட்டிகளைப் பிடுங்கி எறிகிறார். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கால்மணி நேரத்தில் அந்த அறையின் ஈரம் போகாது.

மூன்றாவது: மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செய்தியாளர் எழுந்து, 'வாருங்கள், வெளியே போய்க் கேட்போம்' என்கிறார். அன்று நான்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

5

ஆகவே அந்த மூவரில் ஒருவராக உங்களை உட்கார வைக்கிறேன். வேர் மணக்கிறது. கையில் மோர். வாசலில் கார் நிற்கிறது. வெளியே, சுடுமணலில், உருமி ஒருமுறை உறுமுகிறது. இப்போது தோல் முறுக்கேறிவிட்டது. நீங்கள் எழுந்தீர்களா என்பதை நான் எழுதப்போவதில்லை.

இன்பசேகரன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.